நான் படுக்கும் பக்கம்

இவனுக்கு என் முகம் போதும். உலகத்தில் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தாலே தெரிகிறதே.

பாயில் மகனுக்கு இடப்பக்கம் நான் படுப்பேன். வலப்பக்கம் அவன் அப்பா பிரேம். பிறந்ததிலிருந்தே பிள்ளையின் முகம் என் பக்கம்தான். பிரேம் சொடக்குப் போடுவார், விசில் அடிப்பார், ஒருநாள் சேவல் மாதிரிகூடக் கூவினார். பிள்ளை திரும்பவில்லை.

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

தலை வலது தோளில் சாய்ந்திருப்பதை நாத்தனார் அம்சவேணிதான் கவனித்தார். கழுத்துப் பிசகி உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும் என்றார். அதற்கு விடாமல் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். எனக்கு அது சாய்வாகவே தெரியவில்லை. அம்மாவைப் பார்க்கிற பிள்ளை அப்படித்தானே சாயும்.

டாக்டர் என் விரலைப் பிடித்து அவன் கழுத்தில் வைத்தார். தோலுக்கடியில் கயிறுபோல் ஒரு தசை. பிறவியிலேயே இறுகியிருக்கிறதாம். வலப்பக்கம் திரும்ப அவனால் முடியவில்லையாம். அதனால்தான் எப்போதும் இடப்பக்கம்.

உருட்டக் கூடாது. மெல்ல மெல்லத் திருப்பிப் பழக்க வேண்டும். விழித்திருக்கும்போது குப்புறப் போட வேண்டும். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வலப்பக்கம் வைக்க வேண்டும். இப்போதே செய்தால் சரியாகிவிடும். விட்டால் முகமே ஒரு பக்கமாக வளரும்.

மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவன் கழுத்தில் அந்தக் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இப்போது பிரேமின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் இடத்தில் மிளகு மூட்டை சாய்ந்திருக்கிறது. மகன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதே கண். அதே ஆசை.

கிலுகிலுப்பையை ஆட்டுகிறேன். கன்னத்தில் கைவைத்து மெல்லத் திருப்புகிறேன். பாதி திரும்பியதும் உதடு பிதுங்கி, அழுகிறான்.

அம்சவேணி மூட்டையை நகர்த்தி இடம் விட்டார். “ஏன் யமுனா, புள்ள உன்னையத் தேடித்தான் அழுகுது. இந்தப் பக்கம் வந்து உக்காரு கண்ணு.”

என்னைத் தேடித்தான்! பாழாய்ப்போன மனசு அதை நம்பி எழுந்தே நின்றுவிட்டது. உடம்பை மட்டும் பிடித்து உட்காரவைத்தேன்.

“நான் இங்கயே இருக்கறனுங்க அண்ணி.”