மாமியின் புள்ளிச் சேலையும் ஒரு சாண் கொண்டையும்

“மாமி, உந்தக் கொண்டையை அவிட்டுப்போட்டு வாங்கோ.”

கொறற்றி கார் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். மாமியார் ஜசிந்தா படியிறங்கி வந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது.

மாமிக்கு வயது எழுபத்தெட்டு. பெரிய கறுப்புப் புள்ளிகள் போட்ட வெள்ளை நைலோன் சேலை. கையில்லாத சட்டை. வால் வைத்த கண்மை. பழஞ்சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கிய வெள்ளை பிரேம் கூலிங் கிளாஸ். எல்லாவற்றுக்கும் மேலே, பஞ்சு அடைத்து நிமிர்த்திய ஒரு சாண் உயரக் கொண்டை. அறுபதுகளில் யாழ்ப்பாணத்துக் குமரிகள் ஸ்டைல் பண்ணியது போலவே, ஒரு ஊசி குறையாமல்.

வீட்டில் மாமி எப்போதும் இப்படித்தான். குப்பை கொட்டப் போனாலும் மை பூசாமல் போகமாட்டார். அதையெல்லாம் கொறற்றி பொறுத்துக்கொள்வாள். ஆனால் இன்றைக்கு எசன் நகரில், ஜேர்மனித் தமிழ்ச் சனமெல்லாம் கூடும் கலியாணம்.

“ஏன் பிள்ளை, வடிவில்லையோ?”

“வடிவு கிடக்கட்டும் மாமி. மண்டபத்திலை ஒருதற்றை கண்ணும் எங்களிலை படக்கூடாதெண்டு நேற்றே சொன்னனானெல்லோ?”

சொல்லத்தான் செய்தாள். மகள் சாண்ட்ரா புருசனைப் பிரிந்து வந்தபிறகு போகிற முதல் கலியாணம் இது. கடைசி மேசை, மங்கின நிறச் சேலை, சாப்பிட்ட கையோடு வீடு. இதுதான் கொறற்றியின் திட்டம்.

ஒன்றுக்கு மட்டும் அவளிடம் வழி இருக்கவில்லை. குடும்பம் குடும்பமாக மைக்கில் பெயர் சொல்லி, மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுப்பார்கள். போகாவிட்டால் கலியாண வீட்டார் கோவிப்பார்கள். போனால், சாண்ட்ரா தனியே நிற்பதை முழு மண்டபமும் பார்க்கும்.

“நான் வரேல்லை அம்மா,” என்றாள் காரின் பின் சீற்றில் இருந்த சாண்ட்ரா. அழுவதற்கு ஆயத்தமாக இருந்தது குரல்.

“வராட்டித்தான் இன்னும் கதைப்பினம். மாமி, கெதியா அவிழுங்கோ.”

“ஏலாது பிள்ளை. விடிய எழும்பிக் கட்டினது,” என்ற மாமி, குனிந்து கொண்டையை முதலில் காருக்குள் ஏற்றினார். பிறகு தான் ஏறினார்.

மண்டபத்தில் கலியாணப் பொம்பிளையைப் பார்க்க ஆளில்லை. இளம் பெட்டையள் எல்லாம் மாமியோடு செல்பி எடுக்க வரிசையில் நின்றார்கள். மாமியும் கண்ணாடியைப் போட்டு ஒன்று, கழற்றி ஒன்று என்று அலுக்காமல் நின்றுகொடுத்தார். கொறற்றி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கமலாம்பிகை வந்தாள். அவள் காதில் ஒரு சங்கதி விழுந்தால் பிராங்பேர்ட் வரைக்கும் போய்விடும்.

“என்ன சாண்ட்ரா, எங்கை உம்மட...”

“கமலாம்பிகை,” மாமி குறுக்கே வந்து முதுகைக் காட்டினார். “பின்னாலை ஒருக்காப் பாரும். கொண்டை சரிஞ்சு போச்சோ?”

கமலாம்பிகை கொண்டையைச் சுற்றி வந்து பார்த்தாள். “உதுக்குள்ளை என்னக்கா வைச்சிருக்கிறியள்?”

“தலையணை. நித்திரை வந்தால் சாயலாமெல்லோ.”

பக்கத்து மேசையெல்லாம் சிரித்தது. கமலாம்பிகை வந்த விஷயத்தை மறந்து, கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மைக்கில் கொறற்றி குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். மாமி சாண்ட்ராவின் கையைக் கோத்துக்கொண்டு, இடுப்பில் மற்றக் கையை வைத்து, பஷன் ஷோவில் நடப்பது போல மேடைக்கு நடந்தார். விசில் பறந்தது. படம் எடுக்கிறவர் கொண்டையைப் படத்துக்குள் அடக்கப் பின்னால் போய், இன்னும் பின்னால் போய், கேக் மேசையில் இடித்துக்கொண்டார். மண்டபமே வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. சாண்ட்ராவும்தான்.

வீடு வரும்வரை கொறற்றி பொரிந்து தள்ளினாள். “மானம் போச்சு மாமி. சனத்துக்கு உங்களைத் தவிர வேறை கதையே இல்லை.”

மாமி ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டபடி, “ஓம் பிள்ளை,” என்றார்.

மறுநாள் காலை கமலாம்பிகையின் போன் வந்தது. கொறற்றி திட்டு வாங்கத் தயாராகி எடுத்தாள்.

“கொறற்றி, வாற சனி எங்கட மனுசன்ரை எழுபதாவது பிறந்தநாள். மாமியையும் கட்டாயம் கூட்டிவாரும்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. இனி அவவை அப்பிடி வெளிக்கிட விடமாட்டன்.”

“ஐயோ, அப்பிடியே வரட்டும். நேற்று உம்மட மகளிட்டை ஒருதரும் ஒரு கேள்வி கேக்கேல்லை, கவனிச்சனீரோ?”

கொறற்றி மாமியின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கமலாம்பிகையின் குரல் தணிந்தது. “கொண்டையை இன்னும் ஒரு சாண் உயத்திக் கட்டச் சொல்லும். என்ரை மகனும் பெண்சாதி இல்லாமல்தான் வாறான்.”