மேல்கிளைச் சத்தம்

இலுப்பை மரத்து அணிலுக்குப் பாம்புச் செவி. நாலு மரம் தள்ளிப் பழம் விழுந்தாலும் கேட்டுவிடும். ஆனால் மேல்கிளை மரநாய் கள்ளைக் குடித்துவிட்டு விடிகாலையில் வந்து தன் குட்டியை அடிக்கும்போது மட்டும் காது அடைத்துக்கொள்ளும். "அடுத்த வீட்டுச் சண்டை நமக்கெதுக்கு?" என்று வாலைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும்.

ஒருநாள் குட்டி நொண்டிக்கொண்டே இறங்கி வந்தது. "மாமா, இங்கே இருந்துக்கட்டுமா?"

"என் பொந்து சின்னதுப்பா..." என்று இழுத்த அணில், குட்டியின் கிழிந்த காதைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டு வழிவிட்டது.

பின்னாலேயே மரநாய் தள்ளாடி வந்தது. "என் பிள்ளை! அடிப்பேன், அணைப்பேன். நீ யாருடா கேட்க?"

பொந்து வாசலை அடைத்து நின்று அணில் கத்திய கத்தலில் தோப்பே கூடிவிட்டது. காக்கைகள் மரநாயைச் சூழ்ந்துகொண்டன.

"கள்ளை விட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றது அணில். மரநாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது.

அன்று மழை கொட்டியது. கிளையில் நனைந்துகொண்டிருந்த அணிலைப் பார்த்து, "உள்ளே போகலையா?" என்று கேட்டது மைனா.

பொந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு குட்டி அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"உள்ளே ஒரே புழுக்கம்" என்றது அணில்.