மணல் மகாராஜனின் பிணம்

"கர்த்தாவே, இன்னைக்காவது அந்தப் பொணத்தக் கண்ணுல காட்டும்" என்று வாழைத்தோட்டத்து வரப்பில் நின்று ஜாஸ்பர் ஜெபித்தார். பக்கத்தில் நின்ற மனைவி பிரிஸில்லா ஆமென் சொல்லவில்லை.

"பொணம் வேணும்னு ஜெபம் பண்ணுத ஆளு இந்தச் சபையிலயே நீங்க ஒருத்தருதான்" என்றாள்.

பிணமும் லேசுப்பட்டதல்ல. தாமிரபரணியை லாரி லாரியாக விற்றுத் தின்ற மணல் மகாராஜனுடையது. சில பேரைச் சொன்னால் அழுத பிள்ளை வாய் மூடும் என்பார்கள். இவர் பேரைச் சொன்னால் ஜாஸ்பரின் ஊரான அத்திமரத்துறையில் பிள்ளைகள் குடித்த பாலையும் கக்கும்.

இனி ஆற்றில் ஒரு சட்டி மணல்கூட அள்ளக் கூடாது என்று கோர்ட் சொன்ன கையோடு ஆள் மாயமானார். அவருடைய வெள்ளைக் கார் ஆற்றங்கரையில் அநாதையாக நின்றது. "எம் புருசனக் கொன்னு மணலுக்குள்ள பொதச்சிட்டாங்க" என்று அவர் மனைவி மனுப் போட, தோண்டித் தேடும்படி உத்தரவு வந்தது.

ஆள் தொலைந்தான் என்று ஊர் வெடி போட்டது. ஜாஸ்பர் வீட்டில் அன்றைக்குக் கோழி.

அந்தக் கோழி செரிப்பதற்குள் பொக்லைன்கள் வந்து இறங்கின. உயிரோடு இருந்தபோது மகாராஜன் தோண்டியதெல்லாம் பல் குத்தியதுபோல. செத்தபின் அவருக்காகத் தோண்டியதுதான் தோண்டல். பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கி, செத்த மீனும், பாபநாசத்தில் பாவம் தொலைத்தவர்கள் விட்டெறிந்த வேட்டிகளும் ஊறி நாறின. மூக்கைப் பொத்தினால் வாய் வழியாக நாறியது.

ஜாஸ்பரின் கிணற்றுத் தண்ணீரையும் அந்தப் பள்ளமே இழுத்துக்கொண்டது. மோட்டாரைப் போட்டால் காசநோய்க்காரன் மாதிரி இருமிச் சேற்றைத் துப்பியது. வாழையோ குலை தள்ளுகிற பருவம். பிணம் கிடைத்தால்தான் தோண்டுவது நிற்கும். தோண்டுவது நின்றால்தான் வாழை நிற்கும்.

ஜாஸ்பர் காறித் துப்பிவிட்டுப் பள்ளத்தோரம் போனார். தனிப்படை இன்ஸ்பெக்டர் குடைநிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், தோண்டுன மணல அந்தப் பள்ளத்துலயே திருப்பிப் போடலாம்லா?"

"அது தடயம்வே. அவரு முடி, நகம் ஏதாவது கெடக்கும். சோதனைக்குப் போவுது."

"லாரி லாரியாவா?"

"பெரிய மனுசன்லா. தடயமும் பெருசாத்தான் இருக்கும்."

பொக்லைன் அடுத்த வாய் எடுக்க, தோட்டத்துக் கரை சரிந்து ஒரு வாழை பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்தது. ஞாயிறு ஆராதனை தவறாத ஜாஸ்பர், பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையை மடித்து ஓரமாக வைத்தார்.

"சார், அவன வெட்டுனது நாந்தான். பொணம் இங்கன இல்ல. புன்னைக்காயல் கொண்டுபோயிக் கடல்ல போட்டுட்டேன். மெசினப் போகச் சொல்லுங்க."

விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கைகளையும் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. ஏட்டைக் கூப்பிடவில்லை. மிச்சத்தையும் உறிஞ்சி முடித்து, நீட்டிய கைகளில் இளநீர்க் கூட்டை வைத்தார்.

"போற வழியில இதக் குப்பையில போட்டுரும்."

"சார், நான் கொல பண்ணிருக்கேன்."

"பண்ணல."

"பண்ணுனவன் நானே சொல்லுதேன்லா."

"வே, கோழி அறுக்கவே உமக்குக் கை நடுங்கும்னு ஊரே சொல்லுது. வெயிலு மண்டையில ஏறிட்டு. பைய வீடு போய்ச் சேரும்."

ஜாஸ்பர் அந்தக் கூட்டைப் பள்ளத்துக்குள் விட்டெறிந்தார். மனிதன் துணிந்து கொலையை ஒத்துக்கொண்டால்கூட மதிக்க நாதியில்லாத நாடு.

அந்நேரம் பொக்லைன் கடகடவென்று முனகியது. மேலே வந்த வாளி நிறையக் கறுப்பு மண். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"சார், மணல் முடிஞ்சுட்டு. இனி தோண்டுனா வெறுங் களிமண்ணுதான்."

"அப்பம் தேடுறது முடிஞ்சுதா சார்?" என்று ஜாஸ்பர் ஆவலாகக் கேட்டார்.

கொலைகாரனுக்கு எழுந்திருக்காத இன்ஸ்பெக்டர், செல்போனைக் காதில் வைத்ததும் எழுந்து நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குரலில் கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி ஊற்றினார்.

"அண்ணாச்சி, இங்கன களிமண்ணு வந்துட்டு. உங்க பொணத்த அடுத்து எந்த ஊர்ல தேடட்டும்?"