வெளிநாட்டுக் கால்

“ஊசி போட்டு எத்தனையாவது மாசம்ணே உங்களுக்கு நடை வந்துச்சு?”

வருசநாட்டிலிருந்து வந்த வேல்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். சென்னையில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருப்பதாகப் போனில் சொன்னவர், பேரன் பேத்தி கதையைக்கூட எடுக்கவில்லை.

ஈஸ்வரபாண்டிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தபோதுகூட அவரைத் தேடி இத்தனை பேர் வந்ததில்லை. கடல் தாண்டிப் போய் முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டு வந்த பிறகுதான் வாசலில் செருப்பு குறையாமல் கிடக்கிறது.

“ரெண்டே மாசம்!” என்றார். “மதுரையில முட்டியையே மாத்தணும்னாக. போங்கய்யான்னு பிளைட்டு ஏறிட்டேன். அங்கன நம்ம இடுப்பு எலும்புல ஊசியை விட்டு உறிஞ்சுறாக. அதைச் சீசாவுல வளத்து முட்டியில ஏத்துறாக. திசு வாழைக்கன்னு கணக்குத்தான் தம்பி. ஒரு துணுக்குல இருந்து தோட்டமே வருதுல்ல? அது மாதிரி உள்ள புது ஜவ்வு குருத்து விடுது.”

“சோதனையில இருக்குற வைத்தியம், பலிக்காட்டி எங்களைக் கேக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிருறாகளேண்ணே?”

“சொல்லத்தான் செய்வாக. பொண்ணு குடுக்கறவுக கூடத்தான் ஆயிரம் சொல்லுறாக. கட்டாமயா இருக்கோம்?”

வேல்பாண்டி சிரிக்கவில்லை. “ரெண்டு மாசமா...” என்று இழுத்தார். “ஆரம்பத்துல வலி கூடுமோ? ராத்திரியில முட்டி கொதிக்குமோ?”

“ஒரு மண்ணும் கிடையாது!”

வேல்பாண்டியின் முகம் இன்னும் சுருங்கியது. நல்ல சேதி சொன்னால் இவன் ஏன் இப்படி வாடுகிறான் என்று ஈஸ்வரபாண்டிக்குப் புரியவில்லை. செலவை நினைத்துப் பயப்படுகிறான் என்று தானாகவே முடிவு கட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டும் வித்தையைக் காட்டக் கிளம்பினார். மேசையை ஊன்றி எழுந்தார். எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் வரை நடந்து, அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். சிரித்த முகம் மாறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும் சிரிப்பதும் எதிரே இருக்கிறவருக்கு ஒன்று போலத்தானே தெரியும்? ஆள் வருகிறார் என்று போன் வந்ததுமே வலி மாத்திரை போட்டுக்கொள்வது அவருக்கும் மனைவி ஹேமாவதிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஹேமாவதி தலையை நிமிர்த்தினாள். “அப்ப செலவுக்கு உங்க இலவந்தோப்பா, தம்பி?”

“அதைப் பேசி என்ன மதினி ஆகப் போகுது” என்று வேல்பாண்டி தரையைப் பார்த்தார்.

ஹேமாவதி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். வேல்பாண்டிக்குச் சொத்து என்று இருப்பது அந்தத் தோப்பு ஒன்றுதான். இந்த வீட்டில் கேட்ட கதையை நம்பி அதையும் விற்றுவிட்டுப் போனால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஈஸ்வரபாண்டிக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால், மண்டியை விற்றுவிட்டுப் போனவர் இப்போது உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்காதா?

“சரிண்ணே, அப்ப இந்த வருசம் சட்டி எடுத்துருங்க” என்றார் வேல்பாண்டி.

“என்ன சட்டி?”

“கால் நல்லாயிட்டா வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேந்துக்கிட்டுத்தான போனீக? கம்பம் நட்டாச்சு, சித்திரைத் திருவிழா வந்துருச்சு. ஆத்தாளைக் காக்க வைக்கலாமா? நீங்க சட்டியோட நடந்து போறதைக் கண்ணால பாத்துட்டேன்னா எனக்கும் ஒரு தெம்பு வரும்.”

ஈஸ்வரபாண்டி மேசையைப் பிடித்துக்கொண்டார். ஊரை ஏமாற்றலாம், உறவை ஏமாற்றலாம். குணமாகாத காலோடு, குணமாகிவிட்டது தாயே என்று நெருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வீரபாண்டி கௌமாரியம்மன் முன்னால் போய் நிற்க இந்தப் பக்கத்து ஆள் எவனுக்குத் துணிச்சல் வரும்?

“கேக்காகல்ல, சொல்லுங்க” என்றாள் ஹேமாவதி. “வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவர் தொப்பென்று உட்கார்ந்தார்.

“தோப்பை வித்துறாத தம்பி. எனக்கு ஒண்ணும் குணமாகல. முன்னைக்கு இப்பத்தான் வலி சாஸ்தி. ராத்திரியானா முட்டி ரெண்டும் கொதிக்குது. மண்டியை வித்துட்டுப் போயி நொண்டிக்கிட்டே வந்தேன்னா நாலு பேரு என்ன பேசுவாக? அதான் நல்லாயிருச்சுன்னு சொல்லி வச்சேன். அதை நம்பிப் போடிக்காரரு போனாரு, கெங்குவார்பட்டிக்காரரு போனாரு. அவுகளும் நல்லாயிருச்சுங்காக. பலிக்காதது எனக்கு ஒருத்தனுக்குத்தான் போலன்னு வாயை மூடிக்கிட்டேன். நீ அங்கன போயிராதப்பா.”

சொல்லி முடித்ததும் ஊசி போட்ட நாளிலிருந்து இல்லாத நிம்மதி வந்தது. கடைசி நேரத்தில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று கண்கூடக் கலங்கிவிட்டது. ஹேமாவதி பூண்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

வேல்பாண்டி நாற்காலியின் கைகளைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார். பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தோப்பு தை மாசமே போச்சுண்ணே” என்றார். “மக வீட்டுக்குன்னு சொல்லிட்டு நானும் அங்கனதான் போயிருந்தேன். வருசநாட்டுல எல்லாரிட்டயும் நல்லாயிருச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சம் கையைக் குடுங்க, எந்திரிக்கணும்.”