யாரிடமிருந்து எடுத்தாய்?

படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

பின்னால் குழந்தை வண்டியோடு வந்தவள் முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போனாள். சாருகாவுக்கு அது உறைக்கவேயில்லை.

குறொன்லாண்ட் ரயில் நிலையத்தின் சுரங்கப் பாதையில் யாரோ தகரக்குழல் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஜிக். துள்ளித் துள்ளி ஓடுகிற அயர்லாந்து ஆட்ட மெட்டு.

மெட்டு புதிதில்லை. ஒஸ்லோவில் ஃபிடிலோ குழலோ தொட்டவர்கள் பாதிப் பேருக்கு அது தெரியும்.

இரண்டாம் பகுதி வந்தது. ஏறிப்போகும் சுரம் உச்சியில் நேராக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அசைந்தது.



கமகம்!

இந்த ஜிக்கில் இந்த இடத்தை இப்படி அசைக்கிறவன் உலகத்தில் ஒரே ஒருத்தன். அவளுடைய அண்ணா தக்சன்.

சின்ன வயதில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்ததும் புல்லாங்குழல் படித்தவன் அவன். பிறகு தகரக்குழலுக்கு மாறியபோதும் விரல் பழைய பழக்கத்தை விடவில்லை. கூட வாசித்தவர்கள் பிழை என்று சிரிப்பார்கள். "பிழைதான். ஆனா என்ரை பிழை" என்பான்.

அவன் குழல், அவள் ஃபிடில்.

நோர்வே ஃபிடில்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கும் முன், மெட்டை யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட வேண்டும். மேடையில் அதைச் சொல்வது தக்சன்தான். அயர்லாந்தில் ஒரு குழல்காரன். அவனிடமிருந்து மீன் கப்பலில் வேலை செய்த ஒருத்தன். அவனிடமிருந்து பெர்கனில் ஒரு ஃபிடில்காரி. அவளுடைய மகளிடமிருந்து எங்கள் ஆசிரியர்.

கடைசியில், தாங்கள் குடியிருக்கும் பகுதியின் பெயரையும் சேர்த்து, தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டுவான். "அவரிடமிருந்து, பியோர்ண்டால் தக்சன்!"

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் அப்பா கேட்டார்: "றோட்டிலை ஊதிப் பிச்சையெடுக்கப் போறியோ?"

தக்சன் குழலை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். போனவன்தான். போன் கட்டிலிலேயே கிடந்தது.

பொலிஸ் தேடியது. பிறகு தேடுவதை நிறுத்தியது. அப்பா அவன் பெயரைச் சொல்வதை நிறுத்தினார்.

சாருகா படிகளில் பாய்ந்து இறங்கினாள். யாரையோ இடித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

சுரங்கப் பாதை வளைவில் திரும்பினாள்.

அண்ணா இல்லை.

கம்பளித் தொப்பி போட்ட ஒரு நோர்வேக்காரப் பெண். காலடியில் திறந்து கிடந்த பெட்டிக்குள் 'எமிலி' என்று எழுதிய அட்டை.

ஒரு கணம்தான் சோர்ந்தாள். அடுத்த கணம் மூளை பரபரவென்று ஓடியது.

இந்த ஊர்ப் பெண்ணுக்குக் கமகம் எங்கிருந்து வரும்? பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து, யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ!

கேட்டுவிட்டு அழைத்திருக்கலாம். கை கேட்கவில்லை. எண்ணை அழுத்திவிட்டது.

"அம்மா! அண்ணா கிடைச்சிட்டான். ஓம், உயிரோடைதான். குறொன்லாண்டிலை நிக்கிறன். பொறுங்கோ, திருப்பி எடுக்கிறன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அவள் துண்டித்தாள்.

மெட்டு முடிந்தது. சாருகா மூச்சு வாங்க முன்னால் போய் நின்றாள். அந்த வழக்கப்படியே, நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"இதை யாரிடமிருந்து எடுத்தாய்?"

எமிலியின் முகம் மலர்ந்தது. தெருவில் இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்!

"சாருகா என்று ஒரு ஃபிடில்காரி. இணையத்தில் கிடைத்தாள். முகத்தைக் காட்டமாட்டாள், கை மட்டும்தான் தெரியும். அந்த அசைவைக் குழலில் கொண்டுவர எனக்கு ஒரு குளிர்காலமே போயிற்று."

சாருகா தன் கையைப் பார்த்தாள்.

அண்ணா போன முதல் வருடம். அறைக் கதவைச் சாத்தி, போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, எங்கிருந்தாவது கேட்கமாட்டானா என்று அவள் வாசித்துப் போட்ட காணொளி. அவனுடைய பிழையையும் விடாமல் ஃபிடிலில் பிடித்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை. இந்த எமிலி கேட்டிருக்கிறாள்.

"அவள் யாரிடமிருந்து எடுத்தாள் என்றுதான் தெரியவில்லை" என்றாள் எமிலி. "உங்களுக்குத் தெரியுமா?"

போன் அடித்தது.

அம்மா.

எமிலி, பேசுங்கள் என்று தலையசைத்துவிட்டுக் குழலை உதட்டில் வைத்தாள்.

"அம்மா, நான் ஒண்டு சொல்ல வேணும்..."

"நான் அப்பா."

சாருகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கொம்மா அழுதுகொண்டிருக்கிறா. நீ அவனிட்டைப் போனைக் குடு, பிள்ளை. நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. அவனிட்டைச் சொல்ல வேணும்."

"அப்பா, அது வந்து..."

ஜிக் இரண்டாம் பகுதிக்குள் நுழைந்தது. ஏறியது. உச்சிக்குப் போனது.

அசைந்தது.

மறுமுனையில் அப்பாவின் மூச்சு அப்படியே நின்றது. பிறகு, அவள் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல்.

"அவன்தான்... ஊதட்டும், பிள்ளை. மறிக்காதை."