இரண்டாம் துண்டு

நாற்பத்து மூன்று சோதனைகளும் தேறிவிட்டன என்று திரை சொன்னது. மார்க்கண்டருக்கு நெஞ்சு ஆறவில்லை.

தொலைபேசிக் கந்தோரில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று வேலணைக்குத் திரும்பியவர். உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளத்தில் ஒரு பகுதி பதினொரு வருடமாக அவருடைய பொறுப்பு. வலையில் வந்து சேரும் ஒவ்வொரு தரவுப் பொதியையும் மறித்துப் பார்த்து, உள்ளே விடுவதா தடுப்பதா என்று தீர்மானிக்கும் வடிகட்டி அது.

ஐந்து மணிக்குப் புதிய பதிப்பு வெளியாகிறது. இப்போது மூன்றரை.

மூன்று கிழமைக்கு முன் அவர் ஒப்புதல் கொடுத்த மாற்றத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். உடைத்து அனுப்பப்படும் பொதியின் முதல் துண்டை வடிகட்டி தடுக்கிறது. இரண்டாம் துண்டை விட்டுவிடுகிறது. எல்லோரும் பார்க்கும்படி மூன்று கடிதம்.

முதல் இரண்டுக்கும் மார்க்கண்டர் ஒரே பதிலைத்தான் எழுதினார். இங்கே எல்லாச் சோதனையும் தேறியிருக்கிறது; பிழை உமது கணினியில், அதைப் பாரும்.

நிமிர்ந்திருந்துதான் எழுதினார். அவருடைய பரம்பரையில் சபை நடுவே தலைகுனிந்தவர் எவருமில்லை.

மூன்றாவதற்குப் பதில் எழுதக் கை வரவில்லை. அதில் கோபம் இல்லை, அளவுகள் மட்டும் இருந்தன. பொய் சொல்லுகிறவர் அவ்வளவு பொறுமையாக அளக்கமாட்டார்.

இன்னொரு தடவை ஓட்டினார்.

சோதனைக்கு இரண்டு கணினி. குசினி அலுமாரிக்கு மேல் இருக்கும் சின்னப் பெட்டி, தடுக்கவேண்டிய பொதிகளை அனுப்பும். மேசையில் இருப்பது காத்திருக்கும். ஒன்றும் உள்ளே வராவிட்டால் சோதனை தேறியது.

கடல் பக்கம் இடி உருண்டது. குசினியில் நின்ற மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"சத்தியபாமா, சோதனை ஓடுது. இடியெண்டு பெட்டியின்ர பிளக்கைக் கழட்டிப்போடாதையும்."

"இனித்தான் கழட்டிறதோ? மழை தொடங்கின அண்டைக்குக் கழட்டினது, அப்பிடியே கிடக்கு. இடியென்ன, தந்தியடிச்சுப்போட்டே வருது?"

மழை தொடங்கி ஒரு மாதம்.

முப்பத்தெட்டு, தேறியது. முப்பத்தொன்பது, தேறியது.

மார்க்கண்டர் எழுந்துபோய்ப் பிளக்கைத் தானே கொழுவினார். சத்தியபாமா வழிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலிலிருந்து ஓட்டினார். பதினேழாவது சோதனை தேறவில்லை. கடிதத்தில் சொன்ன அதே இடம். அதே இரண்டாம் துண்டு.

நாலு பத்து. இந்த ஓட்டையோடு பதிப்பு போனால், அதை நம்பிக் கதவடைத்துக்கொண்டு இருக்கும் ஆஸ்பத்திரிகள் எத்தனை, வங்கிகள் எத்தனை.

இங்கே மின்சாரம் ஒழுங்கில்லை என்று எழுதத் தொடங்கினார். முழுப் பொய்யுமில்லை. ஆனாலும் அழித்தார். பிளக்கை யார் கழற்றினால் என்ன, ஒன்றும் வராமல் கிடப்பதைத் தேறியதாக எண்ணும் சோதனையை எழுதியது அவருடைய கை.

மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். பிழை என்னுடையது. முறையிட்டவர் சொன்னது சரி. என் இரண்டு பதில்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன். அவ்வளவையும் எழுத அரை மணித்தியாலம் பிடித்தது. முதுகு கதிரையில் படவேயில்லை.

இனி ஒரு வரிதான் மிச்சம். பிழையைக் கண்டவரின் பெயரை, அவர் ஒப்பமிட்டபடியே திருத்தத்தின் அடியில் பதிய வேண்டும். அது குழுவின் வழக்கம். பதிந்தபின் எவராலும் அழிக்க முடியாது.

விரல் அங்கே நின்றுவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன், நெடுந்தீவில் கடற்றொழிலுக்குப் போகும் ஒருவனைக் கட்டிக்கொண்டு குறிகட்டுவான் துறையில் படகேறிப் போனவளின் பெயர். இந்த வீட்டில் இனி ஒருவரும் அதைச் சொல்லக் கூடாது என்று விதித்தவரும் அவர்தான்.

சத்தியபாமா கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் திறந்து கிடந்த மூன்றாம் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் விளங்காது. கடைசி வரியில் கண் நின்றதும் கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்தாள்.

"வலு கெதியில அடியுங்கோ," என்றாள். "அஞ்சு மணியாகப்போகுது."

நாலு ஐம்பதுக்கு, மூன்று கடிதத்தின் அடியிலும் மகள் விடாமல் எழுதியிருந்தபடியே, மார்க்கண்டர் எழுத்தெழுத்தாக அடித்தார்.

மார்க்கண்டு வினோஜா.