வரிசையின் ஈற்று வண்டி

பனிப்புயல் வீசும் நாள்களில் பின்மார்க் மலைச்சாலையில் எவரும் தனியே செல்லலாகாது. அடிவாரத் தடுப்பில் கார்களை எண்ணி வரிசையாக அனுப்புவர். பனி தள்ளும் வண்டி முன்னே வழி திறக்கும். ஒருவரையும் மலைமேல் விட்டுவிடாதபடி காவல் வண்டி ஈற்றில் வரும். அன்று நண்பகல் முன்வண்டியைத் தூரிட் ஓட்டினாள்; ஈற்று வண்டியை அவள் தம்பி ஐவின்ட் ஓட்டினான். நடுவே ஏழு கார்கள்.

உச்சியருகே வாக்கிடாக்கி கரகரத்தது.

“அக்கா, எனக்குப் பின்னால ஒரு வண்டி வருது.”

“உனக்குப் பின்னாலயா? கடைசியா வந்து தடுப்பப் பூட்டினது நீதானடா. காலையில காபி குடிச்சியா இல்லியா?”

“கிண்டல் பண்ணாத. மஞ்ச விளக்கு சுத்துது, நம்ம வண்டி மாதிரியே. ஐயோ, நின்னுடுச்சு! யாரோ மாட்டிக்கிட்டாங்க போல. இறங்கிப் பாக்கட்டுமா?”

“இறங்காத! இந்தக் காத்துல பத்தடி போனா திரும்ப வழி தெரியாது. வந்துகிட்டே இரு.”

மறுமொழி வரவில்லை. நின்றால் ஏழு கார்களும் பனியில் புதையுமாதலால், தூரிட் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

மறுபுறத் தடுப்பை ஏழு கார்களும் அடைந்தன. அவற்றின் பின்னே, மஞ்சள் விளக்குச் சுழல, ஐவின்டின் வண்டியும் வந்து நின்றது. போன உயிர் திரும்பினாற்போல் அவள் அதனருகே ஓடினாள்.

அப்பொழுது அவள் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் கேட்டது.

“அக்கா, இறங்கிட்டேன். இங்க யாருமில்ல. என் வண்டியயும் காணோம்.”

எதிரே நின்ற வண்டியின் கதவு மெல்லத் திறந்தது.